யாருக்கு டென்ஷன் அதிகம், தலைவன் குரங்குக்கா கடைசிக் குரங்குக்கா?

கடலூர் மஞ்சக்குப்பத்துல எந்த மெடிக்கல் ஷாப் முன்னாடி கொஞ்ச நேரம் நின்னாலும் பிரட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை வாங்குற ஒருத்தரைப் பாத்துடலாம். வீசிங், மூட்டுவாதம், தோல் அலர்ஜின்னு எதுக்காவது டாக்டர் எழுதிக் குடுத்திருப்பாரு. மொத வாரம் உடம்பு பறக்குற மாதிரி இருக்கும், மாசக்கணக்குல சாப்பிட்டா முகம் உப்பும், சுகர் ஏறும், சின்னப் புண்ணு கூட லேசுல ஆறாது. 2021ல கருப்புப் பூஞ்சை பரவுனப்ப சுகரும் ஸ்டீராய்டும் சேந்தா என்னாகும்னு ஊரே பாத்துச்சு. ஆனா அதே ஸ்டீராய்டு வகையில ஒண்ணான டெக்சாமெத்தசோன்தான் அதுக்கு முந்தின வருஷம் இங்கிலாந்துல நடந்த ரெகவரி சோதனையில, வென்டிலேட்டர்ல கெடந்த கொரோனா நோயாளிங்களோட சாவை மூணுல ஒரு பங்கு குறைச்சுச்சு. ஒரே வகை மருந்து, ஒரு எடத்துல உயிரைக் காப்பாத்துது, இன்னொரு எடத்துல பூஞ்சைக்கு கதவைத் தொறந்து விடுது.

இந்த மாத்திரைங்க எல்லாம் யாரைப் பாத்து செஞ்சதுன்னா, நம்ம உடம்பே சுரக்குற கார்டிசாலைப் பாத்துதான். டென்ஷன் வந்தா மூளைக்கு அடியில இருக்குற ஹைப்போதாலமஸ் சி.ஆர்.எச்.னு ஒரு ஹார்மோனை விடும், அது பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டும், பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.ங்கற இன்னொரு ஹார்மோனை ரத்தத்துல விடும், அது கிட்னி மேல தொப்பி மாதிரி ஒட்டியிருக்குற அட்ரினல் சுரப்பிக்குப் போயி கார்டிசாலைக் கெளப்பும். அட்ரினலின் சில நொடியில வர்ற ஆளு, கார்டிசால் சில நிமிஷம் கழிச்சு வந்து ரொம்ப நேரம் உக்காந்திருக்குற ஆளு. வந்ததும் கல்லீரல்லேந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்துல விடும், செரிமானம், வளர்ச்சி, புள்ள பெத்துக்கறது மாதிரி "அப்புறம் பாத்துக்கலாம்" வேலையை எல்லாம் தள்ளிப்போடும், காயம், கிருமின்னா உடம்பு காட்டுற வீக்கத்தையும் அடக்கும்.

யூடியூப்ல இப்ப கார்டிசாலை ஒரு வில்லனாவே ஆக்கிட்டாங்க, காலையில இந்த ஜூஸ் குடிச்சா கார்டிசால் எறங்கும், எதிர்ப்புசக்தி ஏறும்னு ஒரே அலப்பறை. எனக்கு இதைக் கேட்டா கடுப்புதான் வருது, ஏன்னா கார்டிசால் சுத்தமா இல்லாம போச்சுன்னா ஆளே இருக்கமாட்டான், அட்ரினல் வேலை செய்யாதவங்களுக்கு ஆயுசு முழுக்க அதை மாத்திரையாத்தான் குடுக்குறாங்க. ஸ்ட்ரெஸ் வந்தா எதிர்ப்புசக்தி குறையும்ங்கறதும் பாதி உண்மைதான். கொஞ்ச நேர டென்ஷன்ல, அதாவது நாய் தொரத்துற மாதிரி டென்ஷன்ல, வெள்ளையணுங்க ரத்தத்துல எறங்கி, கடி விழுந்தா உடனே சமாளிக்க தோலுக்கும் காயத்துக்கும் கெளம்பத் தயாரா நிக்கும். சிக்கல் வர்றது நாய் தொரத்தறது நிக்காமலே போறப்பதான். மாசக்கணக்குல கார்டிசால் ஊறிக்கிட்டே இருந்தா எதிர்ப்பு அணுங்க அது பேச்சைக் கேக்கறதையே விட்டுடும். அடக்க ஆள் இருந்தும் அடங்காது, வீக்கம் உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கும், அதே நேரம் வைரஸை எதிர்க்குற பக்கம் டல்லாயிடும். அதனால "குறையுது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சா தப்பு, எங்க வேணுமோ அங்க குறையுது, எங்க வேண்டாமோ அங்க ஏறுது.

சரி, இதுக்கு ஏன் குரங்கு? மனுஷனை வச்சுப் பாத்தா எதனால எதுன்னு பிரிக்கவே முடியாது. கம்மி சம்பளக்காரன் பீடி குடிக்கிறான், சாப்பாடு சரியில்ல, டாக்டர்கிட்ட லேட்டாப் போறான், எது ஸ்ட்ரெஸ்ஸால வந்தது எது பீடியால வந்ததுன்னு யாரு சொல்றது. குரங்கு பீடி குடிக்காது. ஆனா அதுக்கும் மேல கீழ உண்டு, பங்காளிச் சண்டை உண்டு, சேக்காளி உண்டு. செஞ்சிக் கோட்டை ஏறுனவங்க படிக்கட்டுல நாட்டுக்குரங்குங்களைப் பாத்திருப்பீங்க, வகிடு எடுத்து சீவுன மாதிரி தலையில முடி இருக்குமே, அதுதான். ஒரு முறுக்கு கீழ விழுந்தா எல்லாம் பாயாது, யாரு எடுக்கணும்னு அதுங்களுக்குள்ள ஏற்கனவே முடிவாயிருக்கும். கீழ்மட்டத்துக் குரங்கு கெடைச்சதைக் கன்னத்துப் பையில திணிச்சுக்கிட்டு ஓரமா ஓடிப்போயி மெல்லும், பெருசு கிட்ட வந்தா பல்லைக் காட்டும். அந்தப் பல்லைப் பாத்து "சிரிக்குது பாரு"ன்னு செல்ஃபி எடுக்குறாங்க, அது சிரிப்பு இல்லைங்க, "நான் எதுக்கும் வரல சாமி, விட்டுடு"ன்னு கும்புடு போடறது.

குரங்கோட ரேங்க்கையும் ஸ்ட்ரெஸ் ஹார்மோனையும் சேத்துப் பாக்குற வேலையை காட்டுலயே போயி மொதல்ல பெருசா செஞ்சவரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபர்ட் சபோல்ஸ்கி. 1978லேந்து கென்யாவுல மசாய் மாரா பக்கம் பபூன் குரங்குக் கூட்டத்தோட பின்னாடியே சுத்துனாரு. அங்க பபூனுக்கு சாப்பாட்டுக் கவலை கம்மி, ஒரு நாளைக்கு சில மணி நேரம் மேஞ்சாப் போதும், மிச்ச நேரம் பூரா ஒண்ணை ஒண்ணு நோகடிக்கறதுதான் பொழப்பு. அதான் அவருக்கு வசதியாப் போச்சு. ரத்தம் எடுக்கறதுதான் பெரிய ரோதனை: ஊதுகுழல்ல மயக்க ஊசி வச்சு, அது வேற பக்கம் பாத்துக்கிட்டிருக்கும்போது முதுகுப் பக்கமா ஊதணும். கார்டிசால் காலையில தானாவே ஏறி சாயங்காலம் எறங்குற சமாச்சாரங்கறதால எல்லாக் குரங்கையும் ஒரே நேரத்துல, அதாவது காலையிலதான் புடிக்கணும். அன்னிக்கு சண்டை போட்டிருக்கக் கூடாது, ஜோடி சேந்திருக்கக் கூடாது, ஊசி குத்துன அதிர்ச்சியிலயே ஹார்மோன் ஏறிடுமே, அதுக்குள்ள சில நிமிஷத்துல ரத்தத்தை எடுத்தாகணும். நம்ம லேப்ல கார்டிசால் டெஸ்டுக்கு காலையில எட்டு மணிக்கு வாங்கன்னு சொல்றது கூட இதே காரணத்துக்குதான்.

அவரு பாத்தது என்னன்னா, கூட்டம் நிலையா இருக்குற காலத்துல கீழ்மட்டத்து ஆண் பபூன்களுக்கு சும்மா இருக்கும்போதே கார்டிசால் அதிகம். மேல இருக்கறதுங்களுக்கு கம்மி, ஆனா நெஜமாவே ஒரு ஆபத்து வந்தா சட்டுன்னு ஏறும், முடிஞ்சதும் சட்டுன்னு எறங்கும். இதைக் கேட்டதும் எல்லாரும் "ஆங், கீழ இருக்கறவனுக்குதான் கஷ்டம், தெரிஞ்ச கதைதானே"ன்னு போயிடுவாங்க. ஆனா 80களோட ஆரம்பத்துல அந்தக் கூட்டத்துல தலைவனைக் கவுத்துட்டாங்க, கவுத்தவனுங்களோட கூட்டணியும் ஒடைஞ்சு போச்சு, தெனமும் ஒருத்தன் மேல ஒருத்தன் கீழன்னு ஆச்சு. அப்ப பாத்தா மேல்மட்டத்து ஆளுங்களுக்கே அந்த நல்ல ஹார்மோன் கணக்கு காணாமப் போயிடுச்சு. நாற்காலி அதேதான், ஆனா நாளைக்கு அது இருக்குமான்னு தெரியல, அவ்ளோதான் வித்தியாசம்.

அமெரிக்காவுல வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துல ஜே கேப்லன் குழு நீளவால் மக்காக் குரங்குகளை வச்சு இதையே இதய ரத்தக்குழாய்ல பாத்தாங்க. கூட்டத்தை அடிக்கடி கலைச்சு மாத்தி மாத்திப் போட்டப்ப, குழாய்ல கொழுப்பு அதிகமாப் படிஞ்சது யாருக்குன்னா ஆதிக்கம் பண்ற ஆணுங்களுக்கு. தெனமும் புதுசா வந்தவன்கிட்ட தன் எடத்தைக் காப்பாத்த சண்டை போட வேண்டியிருந்ததே அதுங்கதான். நிலையான கூட்டத்துல இந்தக் கதை இல்ல. பெண் குரங்குங்கள்ல மட்டும் கீழ இருக்கறதுங்களுக்குத்தான் கொழுப்பு அதிகம், அதுங்களுக்கு சினைப்பை சுரக்குற ஹார்மோனும் கொறஞ்சுபோயிருந்துச்சு.

அப்புறம் 2011ல வந்த ஒரு ரிசல்ட் எனக்கு ரொம்பப் புடிச்சது. அதே கென்யாவுல அம்போசெலின்னு ஒரு எடம், 1971லேந்து அங்க பபூன்களைத் தலைமுறை தலைமுறையா குறிப்பெடுத்துக்கிட்டிருக்காங்க. ஊசி கீசி ஒண்ணும் கெடையாது, குரங்கு போனதும் பின்னாடியே போயி அதோட கழிவை எடுத்து அதுல ஹார்மோன் அளக்கறதுதான் (ஆராய்ச்சின்னா கோட்டு சூட்டுன்னு நெனைக்கறவங்களுக்காகச் சொல்றேன்). 125 ஆண் பபூன், 9 வருஷ சாம்பிள். அதுல பாத்தா நம்பர் ஒன் ஆளுக்கு கார்டிசால் வகை ஹார்மோன் கடைசி ஆளுக்கு இருக்குற அளவுக்கு எகிறிக் கெடக்குது, நம்பர் ரெண்டு மட்டும் நிம்மதியா இருக்கான். ரெண்டாவது ஆளுக்கும் சாப்பாடு கெடைக்குது, ஜோடி ஓரளவுக்கு கெடைக்குது, ஆனா எந்நேரமும் சண்டைக்கு நிக்க வேண்டியதில்ல, ஒரு பெண்ணைச் சுத்தி நாள் பூரா காவல் காக்க வேண்டியதில்ல. நம்ம ஊர்ல கட்சியில வட்டச் செயலாளருக்கும் அவரு பக்கத்துல ஹாயா நிக்கறவருக்கும் முகத்தைப் பாத்தாலே தெரியும், இதுக்கு மேல நான் சொல்லல.

ஆனா பாருங்க, கார்டிசால் அவ்ளோ இருந்தும் அதே அம்போசெலியில 27 வருஷக் குறிப்பைப் புரட்டிப் பாத்தப்ப, காயம் பட்டா சீக்கிரம் ஆறுனது தலைவன் குரங்குக்குதான். கார்டிசால் அதிகம்னா எதிர்ப்புசக்தி அவுட்டுன்னு நேர்கோடு போட்டவங்களுக்கு இங்க கணக்கு ஒதைக்குது. ரத்தத்துல எவ்ளோ ஹார்மோன்ங்கறது பாதிதான், அது எதனால ஏறுச்சு, கூடவே வேற எது ஏறுச்சு, எவ்ளோ நாளா ஏறிக் கெடக்குதுங்கறதெல்லாம் சேந்துதான் முடிவு பண்ணுது.

இன்னொரு சந்தேகம் வரணும், வந்தாத்தான் சரி: ரேங்க் கீழ இருக்கறதால உடம்பு கெடுதா, இல்ல உடம்பு சரியில்லாததாலதான் ரேங்க் கீழ போச்சா? காட்டுல இதைப் பிரிக்க முடியாது. ஜார்ஜியா மாநிலத்துல யெர்க்ஸ் ஆராய்ச்சி மையத்துல ரீசஸ் குரங்குகளை வச்சு இதைப் பிரிச்சாங்க. ரீசஸ் பெண்ணுங்களுக்கு இயற்கையில ரேங்க் அம்மா சொத்து, அம்மா மேலன்னா மகளும் மேல, அதுலயும் கடைக்குட்டி மகள் அக்காங்களைத் தாண்டிப் போயிடுவா. ஆனா சொந்தமே இல்லாத குரங்குங்களை ஒண்ணொண்ணா ஒரு கூண்டுக்குள்ள விட்டா, மொதல்ல வந்தவ மேல, கடைசியா வந்தவ கீழ. அப்ப ரேங்க்கை நாமளே குடுக்கலாம். 45 பெண் குரங்கு, அஞ்சு அஞ்சா ஒம்பது கூட்டம், 2016ல வந்த ஆராய்ச்சி. ரத்த அணுங்களை எடுத்து வெளியில வச்சு பாக்டீரியா துணுக்கைக் காட்டுனா, கீழ்மட்டத்துக் குரங்கோட அணுங்க வீக்கத்தைத் தூண்டுற ஜீன்களை ஓவரா ஆன் பண்ணுது. மேல்மட்டத்து அணுங்க வைரஸை எதிர்க்குற பக்கம் சாயுது. அதாவது ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே மாதிரி எடம், வரிசை மட்டும் வேற, அதுலயே அணுக்குள்ள ஜீன் வேலை செய்யற விதம் மாறுது. ஒரு வருஷம் கழிச்சு கூட்டத்தைக் கலைச்சு திரும்ப அடுக்குனாங்க, கீழ இருந்தது மேல போச்சு, அதோட ஜீன் கணக்கும் புது ரேங்க்குக்கு ஏத்த மாதிரி மாறிடுச்சு. இந்த மாற்றத்துல ஒரு பகுதி, யாரு யாருக்குப் பேன் பாத்து விடறாங்கங்கறதை வச்சே விளக்கிட முடிஞ்சுது. பேன் பாக்கறதுன்னா சும்மா இல்ல, ஜிப்ரால்டர்ல இருக்குற பார்பரி மக்காக் குரங்குங்கள்ல பேன் பாத்து விடற பெண்ணுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கம்மியா இருந்துச்சு, பாத்துக்க உக்காந்ததுக்கு இல்ல.

நம்ம நாட்டுக்குரங்கையும் இந்த ஆராய்ச்சியில விடல. நியூயார்க் புரூக்ளின்ல லியோனார்ட் ரோசன்பிளம் குழு நாட்டுக்குரங்குத் தாய்ங்களை மூணு விதமா வச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு சாப்பாடு ஈஸியா கெடைக்கும். இன்னொண்ணுக்கு மரத்தூளுக்கு நடுவுல தோண்டித் தேடித்தான் எடுக்கணும், ஆனா எப்பவுமே அப்படித்தான். மூணாவதுக்கு ரெண்டு வாரம் ஈஸி, ரெண்டு வாரம் கஷ்டம்னு மாறிக்கிட்டே இருக்கும். யாருமே பட்டினி இல்ல, எடை கொறையல. ஆனா மூணாவது கூட்டத்துத் தாய்ங்க குட்டியைக் கவனிக்க முடியாம அலைபாஞ்சுதுங்க, அந்தக் குட்டிங்க வளந்து பெருசானப்புறம், 1996ல வந்த ரிசல்ட்டுல, தண்டுவடத் திரவத்துல சி.ஆர்.எச். கூடுதலா இருந்துச்சு. அதான், மேல சொன்ன சங்கிலியோட மொத கண்ணி. எப்பவும் கஷ்டப்பட்டுத் தேடுன கூட்டத்துக்கு அந்த மாதிரி இல்ல, ஈஸிக் கூட்டத்துக்கும் இல்ல, மாறி மாறி வந்ததுக்குத்தான்.

இந்த எடத்துலதான் எனக்கு கடலூர் துறைமுகம் ஞாபகத்துக்கு வரும். ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகக்கூடாது, 61 நாள் வருமானம் இல்ல, ஆனா அது எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், சீட்டு எடுத்து வைப்பாங்க, வலை பின்னுவாங்க, கல்யாணம் காட்சியைக் கூட அப்ப வச்சுக்குவாங்க. அதே மீனவர்கிட்ட "இன்னிக்கு காத்து எப்படியோ, கடலுக்குப் போகலாமா வேணாமா"ன்னு நவம்பர்ல தெனம் தெனம் இழுத்தடிக்கற நாளைப் பத்திக் கேளுங்க, அது வேற மாதிரி பேச்சா இருக்கும். ரெண்டுலயும் கையில காசு இல்ல. குரங்கை வச்சு மீனவருக்கு மருத்துவம் பாக்கறேன்னு நெனைக்காதீங்க, தட்டுப்பாடு வேற, எப்ப என்ன வரும்னு தெரியாத தவிப்பு வேறங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கெடைக்கல.

இந்தக் கதைக்கு ஒத்துவராத ரிசல்ட்டும் இருக்கு, அதை மறைச்சா நியாயம் இல்ல. 1997ல ஷெல்டன் கோஹன் குழு 60 ஆண் மக்காக் குரங்குகளை வச்சு, பாதியோட கூட்டத்தை மாசாமாசம் கலைச்சுப் போட்டு, கடைசியில சளி புடிக்கற அடினோ வைரஸை விட்டுப் பாத்தாங்க. கூட்டத்தைக் கலைச்சதால தொற்று கூடல. ரேங்க் கீழ இருந்ததுங்களுக்குத்தான் தொற்று அதிகம், நிலையா இருந்தாலும் சரி கலைஞ்சாலும் சரி. ஆனா அதுக்கு அடுத்த வருஷமே வந்த இன்னொரு ஆராய்ச்சியில, குரங்குகளுக்கு வர்ற எஸ்.ஐ.வி., அதாவது எச்.ஐ.வி.க்குச் சொந்தக்கார வைரஸ் ஏத்துன ரீசஸ் குரங்குங்க, ஆள் மாறிக்கிட்டே இருக்குற கூட்டத்துல வச்சதுங்க நிலையான கூட்டத்துல இருந்ததை விட சீக்கிரம் செத்துச்சு. சளிக்கு ஒரு கணக்கு, மெதுவா அரிக்கிற வைரஸுக்கு வேற கணக்குன்னுதான் எனக்குப் படுது.

குரங்குலயே ஜாதி ஜாதியா வித்தியாசமும் உண்டு. தென் அமெரிக்காவுல மார்மோசெட்னு சின்னக் குரங்கு, அதுங்க கூட்டத்துல கீழ இருக்கறதுங்க பெரும்பாலும் சொந்தக்காரங்கதான், தம்பி தங்கச்சிங்களைத் தூக்கி வளக்குதுங்க, யாரும் அடிக்கறதும் இல்ல, அதுங்களுக்கு கார்டிசால் ஏறல. 2003ல ஏழு வகைக் குரங்குகளோட தரவைச் சேத்துப் பாத்தவங்க சொன்னதும் இதுதான்: கீழ இருக்கறவனுக்கு அடி அடிக்கடி விழுந்து, சாஞ்சுக்க சொந்தமும் இல்லாமப் போற எடத்துலதான் கார்டிசால் ஏறுது. சபோல்ஸ்கியோட இன்னொரு பபூன் கூட்டத்துலயும் அப்படித்தான். டூரிஸ்ட் லாட்ஜ் குப்பைமேட்டுல கெட்ட இறைச்சியைத் தின்னு காசநோய் வந்து, அங்க தெனமும் சண்டைக்குப் போன முரட்டு ஆணுங்க எல்லாம் 80கள்ல செத்துப்போச்சு. மிச்சமிருந்தது சாதுவான ஆணும் பெண்ணுங்களும். அப்புறம் வெளியிலேந்து வந்து சேந்த புது ஆணுங்களும் அந்தக் கூட்டத்துப் பழக்கத்துக்கே மாறிடுச்சு, கீழ்மட்டத்து ஆணுக்கு வழக்கமா தெரியற ஸ்ட்ரெஸ் அடையாளம் அங்க தெரியல. இதை மேடையில வச்சு உருக உருகப் பேசறவங்களைப் பாத்திருக்கேன், நல்ல கதைதான், ஆனா அதுக்கு வெலை அந்த ஆணுங்களோட உசுருங்கறதை அவங்க சொல்லமாட்டாங்க.

புயல் விஷயத்துக்கு வருவோம், ஏன்னா அது நம்ம சப்ஜெக்ட். 1938ல இந்தியாவுலேந்து 409 ரீசஸ் குரங்குகளைக் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோயி, புவேர்ட்டோ ரிக்கோ பக்கத்துல கயோ சாண்டியாகோங்கற குட்டித் தீவுல விட்டாங்க, இன்னிக்கு இருக்கறது அதுங்க வாரிசு. 2017 செப்டம்பர்ல மரியா புயல் அந்தத் தீவை மொட்டையடிச்சுட்டுப் போச்சு. தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியக்காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறுனப்ப பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கெடந்ததே, அந்த மாதிரி, நிழலுக்கு ஒரு மரம் இல்ல. முன்னாடி முறைச்சுக்கிட்டிருந்த குரங்குங்க மிச்சமிருந்த கொஞ்ச நிழல்ல ஒண்ணா உக்கார ஆரம்பிச்சுதுங்க, அதுலயும் அதுவரைக்கும் தனியா கெடந்ததுங்கதான் அதிகமா புது சேக்காளி புடிச்சுதுங்க. நல்ல விஷயம். ஆனா 2022ல வந்த ரத்தக் கணக்கு வேற சொல்லுது: புயலைப் பாத்த குரங்குங்களோட எதிர்ப்பு அணுக்கள்ல ஜீன் வேலை செய்யற விதம் சராசரியா ரெண்டு வருஷம் வயசு கூடுன மாதிரி ஆயிருந்துச்சு, மனுஷக் கணக்குல ஏழெட்டு வருஷம். எல்லாக் குரங்குக்கும் ஒரே அளவு இல்ல, சிலதுக்கு அவ்வளவா மாறல. தானேக்கு அப்புறம் நம்ம பக்கம் யாரும் இப்படி ரத்தம் எடுத்து அளந்ததா நான் கேள்விப்படல. அளந்திருந்தா, கரண்ட்டு இல்லாம நாள்கணக்குல கெடந்த கிராமங்கள்ல என்ன தெரிஞ்சிருக்கும்னு யோசிக்காம இருக்க முடியல.

மனுஷங்க பக்கம் பெருசா பேசப்படறது வைட்ஹால் ஆராய்ச்சி, 1967ல ஆரம்பிச்சு லண்டன் அரசு ஊழியர்கள் பதினேழாயிரம் பேருக்கு மேல பாத்தாங்க. யாரும் ஏழை இல்ல, எல்லாருக்கும் நிரந்தர வேலை, ஆனாலும் கடைசிப் படியில இருந்தவங்களோட சாவு மேல்படியை விட மூணு மடங்கு, சிகரெட், பிரஷரைக் கழிச்சும் பாதிக்கு மேல மிச்சம் நின்னுச்சு. ஆனா மனுஷன் ஒரே ஏணியில நிக்கறவன் இல்லைங்கறது இதுல பெரிய தலைவலி. சிப்காட்ல கான்ட்ராக்ட்ல மூட்டை தூக்கறவரு சாயங்காலம் கோயில் திருவிழா கமிட்டியில அவரு வச்சதுதான் சட்டம்னு இருப்பாரு, அவரோட ரேங்க் எதுன்னு எங்க எழுதறது?

ரேங்க் மாறுனா ஜீன் கணக்கும் மாறுதுன்னு மேல சொன்னேன், அது வளந்த குரங்கோட கதை. குட்டியில பட்டது அவ்ளோ லேசா போறதில்ல. அம்போசெலியில, அம்மா சீக்கிரம் செத்தது, வறட்சியில பொறந்தது, அடுத்த குட்டி ரொம்பச் சீக்கிரம் வந்தது, இந்த மாதிரி சின்ன வயசுக் கஷ்டத்துல மூணு அல்லது அதுக்கு மேல அனுபவிச்ச பெண் பபூன்கள், ஒண்ணுமே படாததுங்களை விட சுமாரா பத்து வருஷம் கம்மியா வாழ்ந்துச்சு, 2016ல வந்த கணக்கு. வளந்தப்புறம் அதுங்களோட ஸ்ட்ரெஸ் ஹார்மோனும் அதிகம். பெருசானப்புறம் நல்ல சேக்காளி கெடைச்சா ஆயுசு கூடுது, அது நெசம், ஆனா அது சின்ன வயசுக் கடனை அழிக்கறதில்ல, தனிக் கணக்கா சேருது.